அத்தியாயம் 6: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஓர் ஆள்

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டபோது அது பெரிய காலமாகத்தான் தெரிந்தது. ஆனால் பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டவருக்கு மிச்சம் 18 வாரம்தான். அதாவது, குழந்தைக்கு நாலு மாதம் முடிந்து சில நாளில் ஆபீசுக்குப் போயாக வேண்டும். கழுத்து நின்றிருக்கும், குப்புற விழ ஆரம்பித்திருக்கும், அவ்வளவுதான். தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கும் வயது. மூன்றாவது பிள்ளை என்றால் மொத்தமே 12 வாரம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து ஓராண்டு விடுப்பு கிடைப்பதால் அவர்களுக்கு இந்த நெருக்கடி கொஞ்சம் தள்ளி வருகிறது.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும், அம்மா நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. உங்கள் ஆபீசில் அப்படி ஒன்று உருப்படியாக நடக்கிறது என்றால், இந்த அத்தியாயத்தைப் படிப்பதற்கு முன் அதைப் போய்ப் பாருங்கள். பால் கொடுக்கும் அம்மாவுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அது இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. முதலாவது, தெருமுனை டே கேர். அதைப்பற்றிப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். மற்றது, வீட்டுக்கே ஆள் வைப்பது. இதில் உள்ள சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. நாம் கணக்கை நம் பக்கம் நின்று மட்டும் போடுகிறோம். நம் ஆபீஸ் நேரம், நம் பட்ஜெட், நம் பிள்ளை. வருகிறவருக்கும் ஒரு வீடு உண்டு, பஸ் உண்டு, பெரும்பாலும் ஒரு பிள்ளையும் உண்டு. அந்தப் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துப் போட்ட வீடுகளில்தான் ஆயாம்மா மூன்று வருடம் நிலைக்கிறார். மற்ற வீடுகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முகம்.

யாருக்கு வீட்டு ஆள் ஒத்துவரும்

குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் வீட்டு ஆள்தான் என் முதல் சிபாரிசு. டே கேரில் சேர்ந்த முதல் வருடம் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். காய்ச்சல் வந்த பிள்ளையை அவர்கள் சேர்க்கமாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. அந்த நாளெல்லாம் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ லீவு. ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணி கால் முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கும் டே கேர் சரிப்படாது. ஆறரைக்குக் கதவைச் சாத்தும் இடத்தில், தாமதத்துக்கு ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இரட்டைப் பிள்ளைகள், அல்லது இரண்டு வயது இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் என்றால் பணக் கணக்கே வீட்டு ஆள் பக்கம் சாய்ந்துவிடும். டே கேரில் இரண்டு கட்டணம். வீட்டில் ஒரே சம்பளம், கொஞ்சம் கூடுதலாக.

வீட்டில் வேறு யாருமே இல்லை, அக்கம்பக்கத்தில் பழக்கமும் இல்லை, இருவருமே தொலைவில் வேலை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். டே கேரில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருப்பார், நாலு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஒரே ஒருவர். அவருக்குத் தலைவலி என்றாலும் அன்றைய ஏற்பாடு முழுதும் நின்றுபோகும். பகலில் ஒருமுறையாவது சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப்பார்க்க ஒரு பாட்டியோ சித்தியோ எதிர்வீட்டு மாமியோ இருந்தால், பேசிக்கொண்டிருக்காமல் ஆள் தேடக் கிளம்பலாம். இரண்டரை வயது தாண்டிய, மற்ற பிள்ளைகளைப் பார்த்தால் ஓடுகிற குழந்தைக்கு டே கேரோ ப்ளே ஸ்கூலோ மேல்.

இரண்டு வீடு சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்வதும் இப்போது அபார்ட்மென்ட்களில் நடக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு 18,000 கேட்பவரிடம் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு, “நாங்க ஆளுக்கு ஒம்பதாயிரம் தர்றோம்” என்று சொல்வது நியாயமில்லை. 26,000 என்று பேசி ஆளுக்கு 13,000 போடுங்கள். அவருக்கும் லாபம், உங்களுக்கும் மிச்சம். எந்த வீட்டில், யார் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஏற்பாடு என்பதை இரண்டு அம்மாக்களும் முதலிலேயே பேசிவிட வேண்டும். இது பேசப்படாததால் முறிந்த பக்கத்துவீட்டு நட்புகள் நிறைய.

உண்மையான செலவு

பேசிய சம்பளம் வேறு, ஆகிற செலவு வேறு. சம்பளம் ஏரியாவுக்கு ஏரியா மாறும். அண்ணாநகர் ரேட் ஆவடியில் இல்லை, சென்னை ரேட் மதுரையில் இல்லை. உங்கள் குடியிருப்பில் ஏற்கெனவே ஆள் வைத்திருக்கும் மூன்று வீட்டில் கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும். கணக்குப் போடும் முறைக்காக மட்டும், காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை, ஞாயிறு விடுமுறை, மாதம் 18,000 என்று வைத்துக்கொள்வோம்.

தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். எந்தச் சட்டமும் வீடுகளை இதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அது எழுதாத சட்டம். மாதத்துக்குப் பிரித்தால் 1,500. ஏஜென்சி மூலம் எடுத்தால் கமிஷன் பெரும்பாலும் ஒரு மாதச் சம்பள அளவில் இருக்கும். அது இன்னொரு 1,500. மதியச் சாப்பாடு, இரண்டு வேளை டீ, காலையில் அவசரத்தில் சாப்பிடாமல் வந்தால் இரண்டு இட்லி என்று ஒரு 1,500. நீங்கள் தாமதமாக வரும் நாளில் அவருக்கு ஆட்டோ, மாதம் 500. ஆக 23,000. இதில் அவர் லீவு போடும் நாளுக்கு மாற்று ஏற்பாட்டின் செலவு சேரவில்லை. வருமான வரியில் இந்தச் சம்பளத்துக்குக் கழிவும் கிடையாது. இந்த 23,000-ஐ மனதில் வைத்துக்கொண்டு, டே கேர் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். 18,000-ஐ வைத்து ஒப்பிட்டு முடிவெடுத்தவர்கள்தான் ஆறாவது மாதம், “எங்கேயோ இடிக்குதே” என்று நோட்டைப் புரட்டுகிறார்கள்.

தேடும் இடம்

ஆபீஸ் திரும்பும் நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். ஆள் கிடைத்த பிறகு முதல் இரண்டு வாரம் நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும், முழுச் சம்பளத்தோடு. அந்த இரண்டு வாரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது உங்கள் குடியிருப்பிலேயே வேலை செய்யும் பெண்களிடம். அவர்களுக்குள் ஒரு செய்தித்தொடர்பு உண்டு. எந்த வீட்டுப் பிள்ளை இந்த ஜூனில் எல்கேஜி போகிறது, எந்த அக்காவுக்கு அதனால் வேலை போகப்போகிறது என்று நம்மைவிட அவர்களுக்கு முன்னால் தெரியும். ஒரு குழந்தையை மூன்று வருடம் வளர்த்துவிட்டு, அது பள்ளிக்கூடம் போவதால் வெளியே வருகிற ஆயாம்மாதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆள். அந்த வீட்டில் போய்ப் பேசலாம், குழந்தை அவர் பெயரைச் சொன்னதும் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். எந்த நற்சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

அடுத்தது ஏஜென்சி. அவர்களிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். கமிஷன் ஒருமுறையா, மாதா மாதமா? ஆள் நின்றுவிட்டால் எத்தனை மாதத்துக்குள் மாற்று ஆள் தருவார்கள்? நீங்கள் தரும் சம்பளத்தில் அந்தப் பெண் கைக்கு எவ்வளவு போகிறது? மூன்றாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத ஏஜென்சியை விட்டுவிடுங்கள். தங்கி வேலை பார்க்க வெளிமாநிலத்திலிருந்து ஆள் அழைத்துவருகிறவர்களிடம் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். மொழி தெரியாத ஊரில், சம்பளம் எங்கே போகிறது என்று தெரியாமல் வேலை செய்கிற பெண்ணின் கையில் உங்கள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

சொந்தக்காரர்கள் சிலர், “ஊர்ல ஒரு பொண்ணு சும்மாதான் இருக்கு, பாப்பாவோட விளையாடிக்கிட்டு இருக்கட்டும்” என்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து விடுவார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-லிருந்து தடை. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 வரை அபராதம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு குழந்தையை வைக்கிற வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? 18 முடிந்தவர்களை மட்டும் எடுங்கள்.

நேரில் பேசும்போது

“குழந்தை பார்த்து பழக்கம் இருக்கா?” என்ற கேள்விக்கு எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது அவருடைய பிள்ளையைப் பற்றி.

“உங்க பசங்க என்ன படிக்கிறாங்கக்கா?”

“பெரியவ ஒம்போதாவது மேடம். சின்னவன் ரெண்டாவது.”

“ஸ்கூல் விட்டு வந்தா யார் பாத்துப்பாங்க?”

“பெரியவ பாத்துப்பா. பக்கத்துல எங்க அண்ணி வீடு இருக்கு.”

“சின்னவனுக்கு ஜொரம்னா?”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அன்னைக்கு நான் இருந்துதான் ஆகணும் மேடம். முன்னாடி நாளே போன் பண்ணிச் சொல்லிடுவேன்” என்றால், அந்தப் பெயருக்கு நேரே ஒரு டிக் போடுங்கள். “அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல மேடம், நான் லீவே போடமாட்டேன்” என்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. லீவே போடாத அம்மா உலகத்தில் இல்லை. அந்தப் பதில் உங்களுக்குப் பிடித்த பதிலாக இருப்பதால் சொல்லப்படுகிறது.

அடுத்து வரும் வழி. பெரும்பாக்கத்திலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ அடையாறுக்கு வருகிறவர் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று கேளுங்கள். நகரத்துக்குள் குடிசையில் இருந்தவர்களை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்த பிறகு, பழைய வேலைக்காகவே தினமும் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் அந்த பஸ்ஸுக்காக நிற்க வேண்டும். டீலக்ஸ் வந்தால் ஏற முடியாது, ஏறினால் காசு. ஒன்பது மணிக்கு உங்களுக்கு மீட்டிங் என்றால், எட்டரைக்கு வரச்சொல்லிவிட்டு எட்டு முப்பத்தைந்துக்கு முகம் சுளிக்காதீர்கள். எட்டே காலுக்கு வரச்சொல்லி, மாலையில் அந்தக் கால்மணியைத் திருப்பிக் கொடுங்கள். நேரம் தவறாமல் வரவேண்டும் என்றால் பக்கத்தில் குடியிருப்பவரை எடுங்கள், சம்பளம் ஆயிரம் கூடுதலானாலும்.

பிறகு குழந்தையைப் பற்றி. நிஜமான சூழ்நிலையைச் சொல்லிக் கேளுங்கள். “ரெண்டு மணி நேரமா அழுதுக்கிட்டே இருக்கான், பால் குடிக்கல, நான் போன் எடுக்கல. என்ன பண்ணுவீங்க?” சரியான விடை ஒன்று கிடையாது. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், துணி ஈரமா என்று பார்ப்பேன், தோளில் போட்டு நடப்பேன், சாருக்குப் போன் போடுவேன், பக்கத்து வீட்டு மேடத்தைக் கூப்பிடுவேன் என்று வரிசையாக வந்தால், அவர் இதைச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். “கிரைப் வாட்டர் ஊத்துவேன்” என்று நேராக மருந்துக்குப் போகிறவரோடு கூடுதல் நேரம் பேச வேண்டும்.

பேசி முடித்த பின், ஒரு நாள் சம்பளம் கொடுத்து, ஒரு முழுப் பகல் கூட வைத்துப் பாருங்கள். அன்று நான் பார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று. குழந்தை தூக்கத்திலிருந்து எழும் நேரம். தூளி லேசாக அசைகிறது, உள்ளேயிருந்து ஒரு முனகல். சிலர் உடனே தூளியை வேகமாக ஆட்டித் திரும்பத் தூங்கவைக்கப் பார்ப்பார்கள். சிலர் துணியை விலக்கிப் பார்த்து, முகத்துக்கு நேரே குனிந்து ஒரு வார்த்தை பேசி, குழந்தை தன்னைப் பார்க்கும்வரை இருந்துவிட்டு, ஒரு கையைக் கழுத்துக்கும் இன்னொரு கையை இடுப்புக்கும் கொடுத்துத் தூக்குவார்கள். இரண்டாமவருக்குப் படிப்பு குறைவாக இருக்கலாம், பேச்சு கரடுமுரடாக இருக்கலாம். அவரைத் தவற விடாதீர்கள்.

தாள், போலீஸ், கேமரா

ஆதார் நகல், இப்போதைய முகவரி, நெருங்கிய உறவினர் ஒருவரின் போன் நம்பர், முன்பு வேலை பார்த்த வீட்டின் நம்பர். இவ்வளவு போதும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் பின்னணியைச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு. அவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், “எங்க வீட்டில எல்லாருக்கும் செய்யறதுதான்” என்று.

கேமரா வைப்பதானால் ஹாலில் வையுங்கள், இருக்கிறது என்று காட்டுங்கள். அவர் உடை மாற்றும் அறையில் கூடாது. ஒளித்து வைத்த கேமரா என்றைக்காவது கண்ணில் படும், அன்றோடு அவர் நின்றுவிடுவார். இன்னொன்று: குழந்தையின் கையில் கிடக்கும் தங்கக் காப்பு, இடுப்பில் கிடக்கும் அரைஞாண், எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். அது திருட்டுப் பயத்துக்காக மட்டும் சொல்வதல்ல. ஒரு வளையல் சோபா இடுக்கில் விழுந்து, கிடைக்கும் வரை ஒரு மனுஷி குற்றவாளி மாதிரி நிற்க வேண்டியிருக்கும். அந்த அவமானத்துக்குப் பிறகு வளையல் கிடைத்தும் பயனில்லை.

பால், மருந்து, பாட்டி வைத்தியம்

இங்கேதான் அதிகம் பேச வேண்டும், அதுவும் மரியாதையோடு. நாலைந்து பிள்ளைகளை வளர்த்த அனுபவம் அவருடையது. முதல் குழந்தையோடு நிற்பவர் நீங்கள். ஆனாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது.

பீய்ச்சி வைக்கும் தாய்ப்பால் வெளியில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. சென்னை மே மாதத்தில் அதை நம்பாமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். நாலு நாள் இருக்கும். ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டுங்கள். ஆயாம்மாவுக்கு எழுத்து வராது என்றால், திங்களுக்கு ஒரு நிற ஸ்டிக்கர், செவ்வாய்க்கு ஒரு நிறம். சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்க வேண்டும், மைக்ரோவேவில் வேண்டாம். குடித்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. “தாய்ப்பாலைப் போய்க் கொட்டறதா” என்று அவருக்கு மனம் வராது. கொட்டினால் கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உரை மருந்து, வசம்பு, காதில் எண்ணெய், மூக்கில் எண்ணெய், தொக்கம் எடுப்பது. இவை எதையும் உங்களைக் கேட்காமல் செய்யக்கூடாது. குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விட்டு ஊதுவது நுரையீரலுக்குள் எண்ணெய் போய் நிமோனியாவில் முடியக்கூடியது. நம் ஊர் குழந்தை மருத்துவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்த கேஸ் அது. ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தடவக் கூடாது. தூங்கவைக்கும்போது மல்லாந்து படுக்கவைக்க வேண்டும். தூளியில் விட்டுவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போகக்கூடாது. “பாப்பாவுக்கு டாக்டர் இப்படித்தான் சொல்லியிருக்கார்” என்று பழியை டாக்டர்மேல் போட்டுவிடுங்கள், யாருக்கும் மனவருத்தம் இருக்காது. முடிந்தால் அடுத்த தடுப்பூசிக்கு அவரையும் கூட அழைத்துப்போய், டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள்.

தொண்டையில் ஏதாவது சிக்கினால் செய்ய வேண்டியதை பொம்மையை வைத்து இருவரும் பழகுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் திருப்பி, நடுநெஞ்சில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடக்கூடாது. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு, 108-க்குப் போன்.

டிவி, செல்போன் இரண்டையும் பற்றி ஒரே வரி: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. அதை ஆயாம்மாவிடம் சொல்லும் வீட்டில், சனிக்கிழமை அப்பா போனைக் காட்டிச் சோறு ஊட்டினால் திங்கட்கிழமை சட்டம் செல்லாது.

பாட்டி வீட்டில் இருந்தால் யார் சொல்வதைக் கேட்பது என்று ஆயாம்மாவுக்குக் குழப்பம் வரும். பாட்டியிடம் நீங்களே பேசி, பகலில் அவர் சொல்வதுதான் முடிவு, மேலே சொன்ன நாலைந்து விஷயங்கள் மட்டும் விதிவிலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எஜமானிகள் இருக்கும் வீட்டில் ஆயாம்மா மூன்றாவது மாதம் கிளம்பிவிடுவார். அவர்மேல் தப்பில்லை.

சம்பளம், லீவு, முன்பணம்

வேலை என்ன என்பதை முதல் நாளே வரையறுங்கள். குழந்தையின் துணி, பாட்டில், சாப்பாடு, குழந்தை இருக்கும் அறை. அவ்வளவுதான். “அப்படியே அந்த ரெண்டு பாத்திரத்தையும்” என்று தொடங்கி ஒரு மாதத்தில் முழு சிங்க்கும் அவர் தலையில் விழும். பாத்திரத்தில் கை இருக்கும்போது தவழ்கிற குழந்தை எங்கே இருக்கும்? இது அவருக்காக மட்டும் போடும் விதி இல்லை.

லீவுக் கணக்கில்தான் முக்கால்வாசிச் சண்டை. மாதம் 18,000-ல் ஒரு நாளைக்கு எவ்வளவு? முப்பதால் வகுத்தால் 600. வேலை நாள் இருபத்தாறால் வகுத்தால் 692. வெட்டும்போது பெரிய தொகையும், ஞாயிறு கூடுதலாக வரச்சொல்லும்போது சின்னத் தொகையும் எடுக்கிற புத்திசாலிகள் உண்டு. நேர்மாறாக வையுங்கள்: அதிகப்படி லீவுக்கு 600 பிடித்தம், கூடுதல் நாளுக்கு 700. பத்து மணி நேரம், 26 நாள் என்றால் அவருடைய மணிக்கூலி 70 ரூபாய்க்கு ஒரு பிடி கம்மி. மாலை ஆறரைக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் நூறு ரூபாய் என்று பேசிவிட்டால், நீங்கள் எட்டு மணிக்கு வந்தாலும் அவர் முகம் கடுக்காது. மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு, பொங்கலுக்கு மூன்று நாள், தீபாவளிக்கு இரண்டு. எடுக்காத லீவுக்கு வருடக் கடைசியில் காசு. இதை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, அவர் போனிலும் ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்கள்.

நீங்கள் ஊருக்குப் போகிற பத்து நாளுக்குச் சம்பளம் உண்டா? உண்டு. வேலை இல்லாதது உங்களால். அவருக்கு வாடகை நிற்காது.

சம்பளம் ஒன்றாம் தேதி, தவறாமல், வங்கியிலோ யுபிஐயிலோ. யார் கணக்கில் போட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தால், தனியாக இருக்கும்போது இன்னொருமுறை கேளுங்கள். சிலருக்கு ரொக்கம்தான் பாதுகாப்பு. அப்படியானால் நோட்டில் தேதி போட்டு இருவரும் கையெழுத்து.

ஜூன் மாதம் ஸ்கூல் பீஸுக்கு முன்பணம் கேட்பார். முதல் வருடத்தில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 18,000 கொடுத்தால் மாதம் 2,000 வீதம் ஒன்பது மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஒரேயடியாகப் பிடித்தால் அடுத்த மாதம் மறுபடி கேட்கத்தான் வேண்டிவரும். அந்தக் கடனைக் காட்டி, “பணத்தை வச்சுட்டுப் போ” என்று ஆளை நிறுத்திவைக்கக் கூடாது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுப்பது அதைத்தான்.

பிஎஃப், இஎஸ்ஐ போன்றவை வீடுகளுக்குப் பொருந்தாது. அதனாலேயே சின்னச் சின்ன ஏற்பாடுகளை நீங்கள் செய்து கொடுக்கலாம். தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. அதில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பதிந்து கொடுங்கள். வங்கிக் கணக்கு வழியாக விபத்துக் காப்பீடு வருடத்துக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீடு 436 ரூபாய். இரண்டிலும் இரண்டு லட்சம் வரை. ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 456 ரூபாயை நீங்களே கட்டிவிடலாம். ஒருநாள் பீட்சா விலை.

வீடும் பணியிடம்தான் என்பதை ஆண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்கும் பொருந்தும். மாவட்ட அளவிலான குழுவிடம் அவர் புகார் கொடுக்கலாம். சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், உட்காரும் இடம், கழிவறை பற்றி நான் எழுத வேண்டியிருப்பதே வெட்கம். உங்கள் பிள்ளையை மடியில் வைத்திருப்பவர் உங்கள் நாற்காலியில் உட்காரலாம்.

நிறுத்தும் காலம்

அடி, குலுக்கல், தூங்கவைக்க எதையாவது கொடுத்தது, குழந்தையைத் தனியே விட்டு வெளியே போனது: இவற்றுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புங்கள். குழந்தைக்குத் தீங்கு நடந்திருந்தால் முதலில் டாக்டர், பிறகு போலீஸ், 1098-லும் சொல்லலாம். மற்ற குறைகள், அதாவது தாமதம், போன் பேச்சு, சொன்னதை மறப்பது, எல்லாம் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறவை. பேசும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கட்டும், வீட்டில் வேறு யாரும் இருக்க வேண்டாம்.

பிள்ளைக்கு மூன்று வயதாகி ப்ளே ஸ்கூல் போகப்போகிறது என்றால், அட்மிஷன் வாங்கிய வாரமே ஆயாம்மாவிடம் சொல்லிவிடுங்கள். குறைந்தது ஒரு மாத அவகாசம், கூட ஒரு மாதச் சம்பளம். மத்தியானம் பிள்ளையை அழைத்துவந்து மாலை வரை பார்த்துக்கொள்ள அரைநாள் வேலை இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். பாதி நேரத்துக்குப் பாதிச் சம்பளம் அவருக்குக் கட்டாது, முக்கால் பேசுங்கள். வேண்டாம் என்றால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி நாலு வரி எழுதிப் போடுங்கள். என்ன சமைப்பார், என்ன மணிக்கு வருவார், எதில் கொஞ்சம் கறார் என்று உள்ளதை உள்ளபடி. கடைசி நாளில் நோட்டை எடுத்து லீவு பாக்கி, முன்பண பாக்கி, போனஸில் அதுவரையான பங்கு மூன்றையும் கணக்குப் போட்டு முடியுங்கள். சாவியை வாங்கிக்கொண்டு, கேட் ஆப்பில் அவர் பெயரை நிரந்தரப் பணியாளரிலிருந்து விருந்தினர் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள். பிள்ளையைப் பார்க்க அவர் வருவார்.